ஆண்டிபட்டி வீட்டுக் குழுவில் 21 புளியங்கொட்டை

சனிக்கிழமை

சுமதி, மாலை 5:40
அண்ணா, ஒரு யோசனை கேட்கணும். பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். செஸ், புதிர், மூளைக் கணக்கு எல்லாம் சேர்த்து மாதம் 6,000 ரூபாயாம். கணக்கில் மார்க் தானாக ஏறும் என்கிறார்கள். கவினைச் சேர்க்கட்டுமா? லீவு முழுக்க போனும் கையுமாகவே இருக்கிறான்.

செந்தில், 5:43
தானாக ஏற அது என்ன லிஃப்டா அக்கா?

பெரியண்ணன், 5:51
பணம் இப்போதைக்கு இருக்கட்டும். வீட்டில் புளியங்கொட்டை இருக்கிறதா?

சுமதி, 5:52
இருக்கு. எதுக்கு?

பெரியண்ணன், 5:55
21 எண்ணிக் கவின் முன்னால் வை. கவின், கவனி. ஒரு முறைக்கு 1, 2 அல்லது 3 கொட்டை எடுக்கலாம். எடுக்காமல் விடக் கூடாது. கடைசிக் கொட்டை யார் கைக்குப் போகிறதோ அவருக்கு வெற்றி. நான் இங்கிருந்து எண்ணிக்கை சொல்கிறேன், எனக்கும் சேர்த்து நீயே எடுத்து வை. சின்னப் பிள்ளை, நீயே தொடங்கு.

கவின், 5:57
3 எடுத்துட்டேன் பெரிய மாமா. மீதி 18

பெரியண்ணன்: 2
கவின்: 1. மீதி 15
பெரியண்ணன்: 3
கவின்: 2. மீதி 10
பெரியண்ணன்: 2
கவின்: 3. மீதி 5
பெரியண்ணன்: 1

கவின், 6:04
4 இருக்கு. நான் எதை எடுத்தாலும் மிச்சத்தை நீங்க அள்ளிடுவீங்க 😡 இந்தத் தடவை நீங்க முதல்ல எடுங்க

பெரியண்ணன், 6:05
சரி. 1.

செந்தில், 6:16
சத்தத்தையே காணோம். முடிந்ததா?

கவின், 6:17
மறுபடியும் 4ல மாட்டிட்டேன். பெரிய மாமாவுக்கு ஏதோ தெரியும்

தீபா, 6:18
🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியண்ணன், 6:18
தீபா! வாயைத் திறக்காதே. அவனே கண்டுபிடிக்கட்டும்.

தீபா, 6:19
அதான் அழிச்சுட்டேனே அப்பா

கவின், 6:19
அக்கா என்ன போட்டீங்க???

பெரியண்ணன், 6:24
கவின், 21ஐ மறந்துவிடு. நாலு கொட்டை மட்டும் வைத்துக்கொள். எடுக்க வேண்டிய முறை உனக்கு. ஜெயிப்பாயா?

கவின்: மாட்டேன். அதான் ரெண்டு தடவை பார்த்தாச்சே
பெரியண்ணன்: 5 இருந்தால்?
கவின்: 1 எடுப்பேன். உங்களுக்கு 4. நீங்க அவுட்
பெரியண்ணன்: 6? 7?
கவின்: 2 எடுப்பேன், 3 எடுப்பேன். எப்படியும் உங்களுக்கு 4 தான்
பெரியண்ணன்: 8?
கவின்: 3 எடுப்பேன். மீதி 5
பெரியண்ணன்: எனக்கு 5 வந்தால் நான் என்ன செய்வேன்?

கவின், 6:33
ஐயோ

கவின், 6:34
1 எடுத்து என்னை 4ல உட்கார வெச்சுடுவீங்க. 8ல நான் 2 எடுத்தாலும் அப்படித்தான். 1 எடுத்தாலும். 8 வந்தாலே தோல்வியா?

பெரியண்ணன், 6:35
நீயே சொல்.

கவின், 6:41
4, 8, 12, 16, 20!!! நீங்க 1 எடுத்தா நான் 3, நீங்க 2 எடுத்தா நான் 2, நீங்க 3 எடுத்தா நான் 1. ஒவ்வொரு சுற்றிலும் 4 காலி. 21 இருந்தா முதல்ல 1 எடுத்துட்டா போதும், அப்புறம் உங்களால ஒண்ணும் பண்ண முடியாது

சுமதி, 6:43
கூடத்தில் குதிக்கிறான். கீழ் வீட்டுக்காரர் வந்துவிடப் போகிறார்.

செந்தில், 6:50
நல்லாத்தான் இருக்கு. ஆனால் அண்ணா, சூத்திரம் தெரிந்ததும் இந்த ஆட்டம் செத்துப்போச்சு. இதில் வியூகம் எங்கே இருக்கு? என் வியாபாரத்தில் எதிராளி எண்ணிக்கை சொல்லியா எடுக்கிறான்?

பெரியண்ணன், 7:02
ஆட்டம் செத்துத்தான் போச்சு. போகட்டும், கொட்டைக்கா பஞ்சம்? 21ஐப் பார்த்து மலைக்காமல் 4க்கு இறங்கினான் பார், அது எனக்குப் போதும். முடிவிலிருந்து பின்னோக்கி வந்தான். ‘நான் இதைச் செய்தால் மாமா என்ன செய்வார்’ என்று ஒரு முறையாவது என் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தான். இவ்வளவு வருஷம் வகுப்பறையில் கத்தியும் பாதிப் பிள்ளைகளை அங்கே உட்கார வைக்க முடியவில்லை எனக்கு.

செந்தில், 7:04
அப்போ வகுப்பில் சேர்த்தால் மார்க் ஏறும் என்பது உண்மைதானே?

தீபா, 7:11
இல்லை சித்தப்பா. இங்கிலாந்தில் 100 பள்ளிகளை வைத்து ஒரு பெரிய சோதனையே நடந்தது, 2016ல் அறிக்கை வந்தது. பாதிப் பள்ளிகளில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 30 வாரம் வகுப்பு நேரத்திலேயே செஸ் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துக் கணக்குத் தேர்வில் பார்த்தால் செஸ் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

சுமதி, 7:13
அப்போ 6,000 மிச்சம் 😄

பெரியண்ணன், 7:15
மார்க்குக்காக என்றால் மிச்சம்தான். செஸ் பிடித்து ஆடுகிறான் என்றால் அது வேறு பேச்சு.

தீபா, 7:20
அப்பா, கவினுக்கு அடுத்ததாக மூன்று குவியல் கொடுக்கட்டுமா? கவின், 3, 5, 7 என்று மூன்று குவியல் வை. ஒரு முறைக்கு ஒரே ஒரு குவியலில் கை வைக்கலாம், எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசிக் கொட்டை எடுப்பவருக்கே வெற்றி. இதற்குப் பெயர் நிம்.

கவின், 7:48
இதுல 4 வேலை செய்யலையே அக்கா

தீபா, 7:49
செய்யாது. முதலில் இரண்டே குவியல் வைத்துப் பார். இரண்டும் சமமாக இருந்தால் யார் தோற்பார்? அது தெரிந்த பிறகு மூன்றுக்கு வா.

செந்தில், 7:52
எனக்கு மட்டும் தனியாக விடையை அனுப்பு தீபா. பொறுமை இல்லை.

தீபா, 7:58
கவின் இதைப் படிக்காதே! சித்தப்பா, ஒவ்வொரு குவியலையும் 4, 2, 1 என்று பிரியுங்கள். 3 என்றால் 2+1. 5 என்றால் 4+1. 7 என்றால் 4+2+1. மொத்தத்தில் 4 இரண்டு முறை, 2 இரண்டு முறை, 1 மூன்று முறை வருகிறது. 1 மட்டும் ஒற்றைப்படை. ஏதாவது ஒரு குவியலில் ஒரு கொட்டையை எடுத்தால் எல்லாம் இரட்டைப்படை ஆகிவிடும். எதிராளி எதைத் தொட்டாலும் அது கலையும், நீங்கள் மறுபடி இரட்டை ஆக்கிக்கொண்டே போகலாம். ஹார்வர்டில் இருந்த சார்லஸ் பூட்டன் 1901ல் இதை நிரூபித்து எழுதினார். 1940ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் நிம் ஆடும் இயந்திரத்தையே வைத்தது. ஆடிய ஆட்களில் பெரும்பாலோர் அதனிடம் தோற்றுத்தான் போனார்கள்.

கவின், 7:59
படிச்சுட்டேன் 🙈

பெரியண்ணன், 8:00
தனியாக அனுப்பச் சொன்னவன் செந்தில். குழுவில் போட்டவள் நீ. உங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் என்ன பாடம் நடத்துவது!

ஞாயிற்றுக்கிழமை

தீபா, காலை 9:10
நேற்றுச் செய்தியெல்லாம் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொல்வதை அப்படியே தட்டுகிறேன்: “கொட்டையை எண்ணி எடுக்கிறதெல்லாம் ஒரு ஆட்டமா? பேரனை ஆடு புலி ஆடச் சொல்லு. மூணு புலி, பதினஞ்சு ஆடு. பதினஞ்சையும் இறக்கி முடிக்கிறவரைக்கும் ஒரு ஆட்டையும் நகத்த முடியாது. அதனால அவசரப்பட்டு நடுவுல கொண்டுபோய் வைக்காதே. புலி தாவணும்னா ஆட்டுக்கு அந்தப் பக்கம் காலி இடம் வேணும். ஒரு ஆட்டு முதுகுல இன்னொரு ஆட்டை ஒட்டி வை, புலி சும்மா உறுமிக்கிட்டே நிக்கும்.”

கவின், 9:14
அம்மாச்சி, எந்தப் பக்கம் ஆடுவீங்க?

தீபா, 9:16
“எப்பவும் ஆடுதான். புலி ஆட யாரு வேணா வருவான்” என்கிறார் 😂 கோயில் கல்தரையில் செதுக்கி வைத்திருந்த கட்டத்திலேயே ஆடுவார்களாம். எனக்கும் இதுதான் பிடித்திருக்கிறது அப்பா. இதில் 4, 8, 12 மாதிரி மனப்பாடம் செய்து வைக்க ஒன்றுமில்லை, ஒவ்வொரு தடவையும் பலகையைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் பலம் வேறு, நோக்கமும் வேறு. சித்தப்பா கேட்ட வியாபாரம் இதற்குத்தான் கிட்டத்தில் வருகிறது.

செந்தில், 9:20
அம்மாவைக் கடையில் உட்கார வைத்துவிட வேண்டியதுதான்.

சுமதி, 9:31
தீபா, அம்மாவைக் கட்டம் வரையச் சொல்லிப் போட்டோ அனுப்பு. எனக்கு முக்கோணம் மட்டும்தான் ஞாபகம் இருக்கு, குறுக்குக் கோடு எத்தனை என்று மறந்துவிட்டது.

கவின், மதியம் 2:05
பெரிய மாமா, 1ல இருந்து 4 வரைக்கும் எடுக்கலாம்னு மாத்தினா 5, 10, 15, 20 தானே?

பெரியண்ணன், 2:30
அப்படித்தான். இனி நான் கேள்வி கேட்கப் போவதில்லை, விதியை நீயே மாற்றிப் பார்த்துக்கொள்.

கவின், 4:12
பழைய ஆட்டமே, 1 முதல் 3. ஆனா கடைசிக் கொட்டை எடுக்கிறவர் தோல்வி. இப்படி வெச்சா?

பெரியண்ணன், 4:15
ம். ஒற்றைக் கொட்டையில் இருந்து தொடங்கு.

கவின், இரவு 8:40
சின்ன மாமா, புது விதியில என்கூட ஒரு ஆட்டம் வர்றீங்களா? கடைசியா எடுக்கிறவர் தோல்வி. 21 கொட்டை.

செந்தில், 8:42
வாடா. முதலில் 1 எடுத்து உன்னை 20ல் உட்கார வைத்துவிடுவேன், பார்த்துக்கொள்.

கவின், 8:42
எடுங்க மாமா. பெரியவங்களுக்குத்தான் முதல் மரியாதை 😇

பெரியண்ணன், 8:43
🤐

செந்தில்: 1. மீதி 20
கவின்: 3. மீதி 17
செந்தில்: 2
கவின்: 2. மீதி 13
செந்தில்: 1
கவின்: 3. மீதி 9

செந்தில், 8:51
கொஞ்சம் இரு, கடைக்கு ஆள் வந்திருக்கு.

சுமதி, 8:52
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எந்தக் கடைடா?