மூஸ் வேட்டைக்கு விரியும் முனையா, நிலை முனையா?

தலவாக்கலைத் தம்பி:
வணக்கம். லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். ஒன்டாரியோவுக்குத் திரும்பியதும் முதல் தடவையாக வில்லோடு மூஸ் வேட்டைக்குப் போகிறேன், லைசன்ஸோடுதான். மூஸ் என்றால் ஹோர்ட்டன் சமவெளியில் நாம் பார்க்கும் மரையைவிட இரண்டு மடங்கு பெரியது; நல்ல ஆண் 500 கிலோ வரும். என் கம்பவுண்ட் வில்லின் (கப்பி வைத்த வில்) இழுவிசை 52 ராத்தல். அம்பின் எடை முனையோடு சேர்த்து 420 கிரெயின் (ஏறத்தாழ 27 கிராம்), வேகம் வினாடிக்கு 240 அடி. கடையில் இரண்டு வகை முனை காட்டினார்கள். நிலை முனையில் அலகுகள் எப்போதும் வெளியே நிற்கும். விரியும் முனையில் அவை மடங்கியபடி பறந்து, பட்டதும் விரியும். எதை வாங்க?

ஹட்டன் பயணி:
யோசிக்கவே வேண்டாம், விரியும் முனை. நான் டெக்சாஸில் ஆறு வருடம் இருந்தவன். வெள்ளைவால் மானும் காட்டுப்பன்றியும் அதில்தான் எடுத்தேன். பயிற்சி முனை எங்கே போகிறதோ அங்கேயே போகும். நிலை முனையில் அலகு காற்றைப் பிடிக்கும். வில் கொஞ்சம் சரியில்லை என்றாலும் அம்பு விலகிவிடும். விரியும் முனை 2 அங்குல அகலத்துக்கு வெட்டும். இரத்தத் தடம் கண்ணை மூடிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். உங்கள் கணக்குக்கு 54 அடி-ராத்தல் சக்தி வருகிறது. எந்த மிருகத்துக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று அம்பு செய்கிற ஈஸ்டன் கம்பனி போட்ட அட்டவணையில், பெரிய எல்க் மானுக்கே 42 முதல் 65 வரைதான். போதும்.

லிந்துலைக் கவ்வாத்து:
ஹட்டன் அண்ணே, உங்கள் வில் எத்தனை ராத்தல்?

ஹட்டன் பயணி:
70.

லிந்துலைக் கவ்வாத்து:
அங்கேதான் விஷயம். 70 ராத்தல் வில்லும் மெல்லிய விலா உள்ள மானும் வேறு, 52 ராத்தல் வில்லும் மூஸும் வேறு. விரியும் முனை அலகைத் திறக்கவே கொஞ்சம் சக்தியைச் செலவழிக்கிறது. அப்புறம் 2 அங்குல வெட்டை உள்ளே இழுத்துப் போக இன்னும் சக்தி வேண்டும். மூஸின் தடித்த விலாவில் சாய்வாகப் பட்டால் பாதி வழியில் நின்றுவிடும். அந்த அட்டவணை பார்ப்பது சக்தியை. அதில் வேகம் இருமடியாகக் கணக்காகிறது. எலும்பைத் தாண்டிப் போக உந்தம் வேண்டும், அதாவது எடையும் வேகமும் பெருக்கியது. தம்பி அம்பை 520 கிரெயினாக்கினால் வேகம் 218 அளவுக்கு இறங்கும். சக்தி கிட்டத்தட்ட அதே 54, 55தான். ஆனால் உந்தம் எட்டில் ஒரு பங்கு கூடும். அம்பு மறுபக்கத்தால் வெளியேறுவதுதான் முக்கியம். உயரத்தில் இருந்து எய்தால் நுழைந்த துளை மேலே இருக்கும். கீழே ஒரு துளை இல்லாவிட்டால் இரத்தம் நெஞ்சுக்குள்ளேயே தேங்கும், தடம் கிடைக்காது.

ஹட்டன் பயணி:
அப்படிப் போனால் அம்பு எவ்வளவு ஆழம் போகும் என்று ஆராய்ந்த எட் ஆஷ்பி சொன்ன 650 கிரெயினில்தான் போய் நிற்பீர்கள். 52 ராத்தல் வில்லில் அது 25 யார் (கெஜம்) தூரத்துக்கு அப்பால் கல் மாதிரி விழும். தூரத்தைத் தப்பாக மதித்தால் அம்பு குறிக்குக் கீழே போகும். அது நல்லதா?

லிந்துலைக் கவ்வாத்து:
650 நான் சொல்லவில்லை. 25 யார் தூரத்துக்குள் எய்கிறவனுக்கு 520 போதும்.

மஸ்கெலியா டீச்சர்:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். 2020இல் நல்லதண்ணியில் கம்பிக் கண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். உயிரோடு மீட்டும் மூன்று நாளில் செத்துப்போனது. எங்கள் லயத்துக்குப் பின்னால் காலில் கம்பி இறுகிய பன்றி ஒன்று இரண்டு நாள் கத்தியதை நானே கேட்டிருக்கிறேன். காயத்தோடு ஓடுகிற மிருகத்தின் கணக்கு யாரிடம் இருக்கிறது? எந்த முனை நல்லது என்பதற்கு முன்னால் இதைக் கேட்க வேண்டாமா?

தலவாக்கலைத் தம்பி:
கேட்க வேண்டும் டீச்சர். இங்கே மரையைத் தொடுவதே 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அது அப்படியே இருக்கட்டும். அங்கே எத்தனை மூஸ் எடுக்கலாம் என்று அரசாங்கம் எண்ணிக்கை வைத்திருக்கிறது. முனை குறைந்தது 22 மில்லிமீட்டர் அகலம், இரண்டு கூரான வெட்டு விளிம்பு என்று சட்டம் இருக்கிறது. காயத்தோடு ஓட விடக்கூடாது என்றுதான் இங்கே வந்து கேட்கிறேன்.

மஸ்கெலியா டீச்சர்:
எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. ஆனால் போகத்தான் போகிறீர்கள் என்றால், திறக்கலாம் திறக்காமலும் போகலாம் என்கிற சாமானை ஒரு உயிர் மேல் எய்யாதீர்கள்.

ஹட்டன் பயணி:
டீச்சர், இப்போது வருபவை பழைய மாதிரி இல்லை. எனக்கு ஒன்றுகூடத் திறக்காமல் போனதில்லை. இருந்தாலும் 52 ராத்தல் என்பதைக் கவனிக்காமல் பதில் போட்டது என் தவறு. அந்த இழுவிசைக்கு மூஸ் என்றால் நிலை முனைக்கு நானும் எதிர்ப்பில்லை. மானுக்கு என் பேச்சை மாற்ற மாட்டேன்.

லிந்துலைக் கவ்வாத்து:
தம்பி, கூர்மையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் அப்பா முப்பது வருடம் கவ்வாத்து வெட்டியவர். கத்தி மழுங்கினால் தேயிலை வாது பிளந்து நார் நாராகக் கிழியும். கூராக இருந்தால் கண்ணாடி மாதிரி வெட்டு விழும். தினமும் காலையில் கல்லில் தீட்டாமல் மலைக்கு ஏற மாட்டார். அம்பும் அதே. தோட்டா மாதிரி அதிர்ச்சியால் கொல்வதில்லை, வெட்டி இரத்தம் போக்கித்தான் கொல்கிறது. கிழிந்த நாளம் சுருங்கி இரத்தம் உறையும், சுத்தமாக வெட்டுப்பட்ட நாளத்தில் இரத்தம் சீக்கிரம் நிற்காது. பெட்டியில் இருந்து எடுத்த முனை கூராகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். முன்கை மயிரை மழிக்கும் வரை தீட்டுங்கள். பயிற்சிக்கு எய்த முனையை மறுபடி தீட்டாமல் காட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

தலவாக்கலைத் தம்பி:
சரி அண்ணே. இரண்டு அலகு நிலை முனை, 125 கிரெயின், தண்டும் கொஞ்சம் கனமானதாக ஓடர் போடுகிறேன். போனதும் பயிற்சி முனையோடு பக்கத்தில் பக்கத்தில் 25 யாரில் எய்து பார்ப்பேன். இரண்டும் ஒரே இடத்தில் விழாவிட்டால் வில்லில் அம்பைத் தாங்கும் ரெஸ்டை நகர்த்திச் சரிசெய்வேன். அப்பாவின் பழைய தீட்டுக்கல் வீட்டில் கிடக்கிறது, அதையும் பெட்டியில் வைத்துவிட்டேன்.