பெரியப்பாவின் சளி ரிப்போர்ட்

குழு: சோழவந்தான் சொந்தங்கள்

செல்வி அத்தை: பெரியண்ணனைத் தோப்பூருக்கு மாற்றுகிறார்களாமே? செக்கானூரணி டீக்கடை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. கூடப்பிறந்தவளுக்குக் கடைசியில்தான் தெரிகிறது.

முருகேசன் சித்தப்பா: யார் சொன்னது

செல்வி அத்தை: யார் சொன்னால் என்ன. டிபியா இல்லையா? ஆவணியில் மீனாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன சொல்வேன்

தினேஷ்: தோப்பூர்னா எய்ம்ஸா அத்தை? 2019ல் அடிக்கல் நாட்டியதா? அது முடிவதற்குள் பெரியப்பா வீட்டுக்கே வந்துவிடுவார் 😀

முருகேசன் சித்தப்பா: டேய்

கவிதா: அத்தை, தோப்பூர் டிபி ஆஸ்பத்திரிப் பேச்சே இல்லை. சளியை டிபி கண்டுபிடிக்கும் சிபிநாட் மெஷினில் போட்டுப் பார்த்தாகிவிட்டது. இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். டிபி கிருமி இருந்தால் ரிஃபாம்பிசின் என்கிற டிபி மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதும் அதிலேயே தெரியும். கிருமி இல்லை என்றுதான் வந்திருக்கிறது. இது நிமோனியா.

செல்வி அத்தை: அப்பாடா

பாலா: அப்புறம் ஏன் காய்ச்சல் இறங்கவில்லை கவி? மூன்று நாளாக ஊசி போகிறதே

கவிதா: சொல்கிறேன். முதல் நாள் பெரியப்பா கொடுத்தது சளியே இல்லை, எச்சில். மைக்ரோஸ்கோப்பில் வாய்த்தோல் செல்லாகவே தெரிந்திருக்கிறது, சீழ் செல்லைக் காணோம். அதைக் கல்ச்சர் போட்டால், அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்தால், வாயில் குடியிருக்கும் கிருமிதான் வளரும். லேபில் திருப்பிவிட்டார்கள். மறுநாள் காலை வாய் கொப்பளித்து, நன்றாக உள்ளிருந்து இருமி எடுத்ததுதான் உருப்படியான சளி.

ராஜாத்தி பெரியம்மா: 🎤 குரல் பதிவு 2:41

தினேஷ்: கேட்க நேரமில்லாதவர்களுக்கு: நர்ஸ் முன்னால் காறித் துப்ப பெரியப்பாவுக்கு வெட்கமாம். மீதி இரண்டு நிமிடம் பாலா அண்ணன் வீட்டு ரசத்தைப் பற்றி.

பாலா: 🙏 அது இங்கே வேண்டாம்

கவிதா: கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்கிற கிருமி வளர்ந்திருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு வரக்கூடியது. முதல் நாள் கிருமி வளர வேண்டும், அடுத்த நாள் அதன்மேல் மருந்து தடவிய வில்லைகளை வைத்துப் பார்ப்போம். வில்லையைச் சுற்றி எதுவும் வளராமல் தெளிவாக அகல வட்டம் விழுந்தால் அந்த மருந்து கேட்கும். ரிப்போர்ட்டில் எஸ் என்று போடுவோம். வில்லையை ஒட்டியே கிருமி படர்ந்திருந்தால் ஆர், கேட்காது. மூன்று நாளாகப் போன செஃப்ட்ரியாக்சோன் ஆர். அந்த மருந்தை உடைக்கும் நொதியை இந்தக் கிருமியே தயாரிக்கிறது. மெரோபெனம் என்கிற வேறு ஊசி எஸ். டாக்டர் மேல் கோபப்படாதீர்கள், கல்ச்சர் வரும்வரை சும்மா இருக்க முடியாது. வழக்கமாக நிமோனியா தரும் நிமோகாக்கஸ் கிருமியை மனதில் வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள்.

முருகேசன் சித்தப்பா: புது ஊசி விலை?

பாலா: எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. காப்பீட்டு அட்டை பீரோவில் இருக்கிறது, சாவி அம்மாவிடம்

செல்வி அத்தை: அந்தப் பீரோவில்தான் அப்பத்தா தண்டட்டியும் இருக்கிறது. திறக்கும்போது பார்த்துத் திறங்கள். சொல்லவில்லை என்று வேண்டாம்.

முருகேசன் சித்தப்பா: இப்போது அதுவா முக்கியம்

செல்வி அத்தை: எப்போது கேட்டாலும் இதே பதில்

பாலா: கவி, இங்கே வருவதற்கு முன்னால் வாங்கிய மாத்திரை மீதி இருக்கிறது. லீவோஃப்ளாக்சசின் 500. அதையும் சேர்த்துக் கொடுக்கலாமா?

கவிதா: வேண்டாம்!! யார் எழுதிக் கொடுத்தது?

தினேஷ்: சித்தப்பாவின் கூட்டாளி மெடிக்கல் 🤐

முருகேசன் சித்தப்பா: நல்லதுக்குத்தானே வாங்கினேன்

கவிதா: அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட்டு இல்லாமல் தரக்கூடாது. இந்த மாத்திரை டிபி கிருமியையும் அரைகுறையாக அடக்கும். டிபி இருந்தால் கொஞ்சநாள் தேறினமாதிரி தெரியும், கண்டுபிடிக்கத் தாமதமாகும். டாக்டரிடம் இந்த மாத்திரையைச் சொன்னீர்களா? சொன்னால் டிபி கல்ச்சருக்கும் ஒரு சாம்பிள் அனுப்பச் சொல்லலாம். அதில் டிபி இல்லை என்று முடிவாகச் சொல்ல ஆறு வாரம் ஆகும்.

செல்வி அத்தை: அப்போது டிபி இல்லை என்று உறுதியில்லையா?

கவிதா: இப்போதைக்கு டிபி இல்லை அத்தை

செல்வி அத்தை: இப்போதைக்கா!!

முருகேசன் சித்தப்பா: நிமோனியா என்று சொல். முடிந்தது.

செல்வி அத்தை: தாய்மாமன் இல்லாமல் நிச்சயமா?

முருகேசன் சித்தப்பா: நானும் தாய்மாமன்தான்

செல்வி அத்தை: காதுகுத்துக்கு வராதபோது அது ஞாபகம் இல்லையா சின்னண்ணே

பாலா: தேதியை அப்பா எழுந்ததும் பேசுவோம்

கவிதா: பார்க்கப் போகிறவர்கள் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். இந்த மாதிரிக் கிருமி நம் கை வழியாகத்தான் பக்கத்துக் கட்டிலுக்குப் போகும்.

முருகேசன் சித்தப்பா: நேற்று உசிலம்பட்டியிலிருந்து ஒரு வேனே வந்து கட்டிலில் உட்கார்ந்ததே

செல்வி அத்தை: யாரைச் சொல்றே

முருகேசன் சித்தப்பா: பொதுவாக

பாலா: இன்று இரவு துணைக்கு யார்? எனக்கு நாளைக்கு வேலை

தினேஷ்: 👍

பாலா: வருகிறாயா, படித்துவிட்டேன் என்கிறாயா?

ராஜாத்தி பெரியம்மா: 🎤 குரல் பதிவு 3:15