மூச்சை ஊதினால் போதும், போதை வழக்கா?

நெடுஞ்சாலை: மதுவுக்கு ஊதச் சொல்வது போலக் கஞ்சா, கோகைன், ஐஸ் எனப்படும் மெத்தாம்பெட்டமினுக்கும் ஓட்டுநர்களை ஊதச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. முடியாத காரியமும் இல்லை. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், முந்தைய 24 மணி நேரத்துக்குள் போதைப்பொருள் எடுத்த 47 பேரின் மூச்சை வடிகட்டியில் பிடித்துப் பார்த்தார்கள். 87 சதவீதம் பேரிடம் சிக்கியது. ஊசி இல்லை, சிறுநீர்க் குப்பி இல்லை. இன்னும் ஏன் தயக்கம்?

வைகைக்கரை: தயக்கமே அந்த 24 மணி நேரத்தில்தான் இருக்கிறது, நண்பரே. சாராயம் ஆவியாக நுரையீரலிலிருந்து வெளியே வரும். ரத்தத்தில் இருப்பதற்கும் மூச்சில் இருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2100-க்கு 1 என்று வைத்துக்கொள்கிறார்கள். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி அப்படி ஆவியாகாது. நுரையீரலின் உட்பூச்சிலிருந்து கிளம்பும் நுண்துளிகளில் ஒட்டிக்கொண்டு வரும். ஒருவர் எப்படி ஊதுகிறார் என்பதைப் பொறுத்தே அதன் அளவு மாறிவிடும். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், கஞ்சா புகைக்கும் முன்பும் புகைத்து ஒரு மணி நேரம் கழித்தும் மூச்சை எடுத்தார்கள். பலரிடம் எது முந்தியது, எது பிந்தியது என்றே பிரித்துச் சொல்ல முடியவில்லை. நேற்று புகைத்தவனையும் இப்போது கிறங்கியிருப்பவனையும் ஒரே கூண்டில் ஏற்றுவது நியாயமா?

மெல்பர்ன்வாசி: இங்கே ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2004 முதல் சாலையோர உமிழ்நீர்ச் சோதனை நடக்கிறது. கருவியின் பஞ்சை நாக்கால் தொடச் சொல்வார்கள். அப்புறம் முடிவு வரும்வரை சில நிமிடம் காரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அளவு என்று ஒன்றும் கிடையாது, துளி இருந்தாலும் குற்றம். என் பக்கத்து வீட்டு அம்மா புற்றுநோய் வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த கஞ்சா எண்ணெயை இரவில் எடுக்கிறார். காலையில் பேரனைப் பள்ளிக்குக் கொண்டுவிட அவருக்குப் பயம். 2025 மார்ச் முதல், இப்படிப்பட்டவர்களின் உரிமத்தை ரத்து செய்யாமல் விட நீதிபதிக்கு அதிகாரம் வந்திருக்கிறது. ஆனால் குற்றம் குற்றமாகவேதான் நிற்கிறது.

நெடுஞ்சாலை: அந்த அம்மாவுக்கு விலக்கு கொடுங்கள் சகோதரி, நானும் கூடவே கேட்கிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 முதல் ஒவ்வொரு பொருளுக்கும் ரத்தத்தில் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். மருத்துவர் சொன்னபடி எடுத்தவர் அதைத் தற்காப்பாகச் சொல்லலாம். ஆனால் ரத்தம் எடுக்க மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் டிஎச்சி சரசரவென்று இறங்கிவிடுகிறதே? நிஜமாகவே போதையில் ஓட்டியவன் அந்த இடைவெளியில் தப்பிக்கிறான். மோதப்பட்டவன் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

வைகைக்கரை: அது சரியான கேள்வி. அதனால்தான் மூச்சுச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சந்தேகப்பட்டு நிறுத்த, ரத்தம் எடுக்க அனுப்ப அது உதவட்டும். தண்டனைக்கு அது மட்டும் போதாது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவும் போதைப்பொருள் விஷயத்தில், வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாரா என்றுதான் கேட்கிறது. அந்தக் கேள்வியை எடுத்துவிடாதீர்கள்.

நெடுஞ்சாலை: கஞ்சாவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஐஸுக்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். தூக்கம் கெட்டு ஐஸ் போட்டு லாரி ஓட்டுபவனிடம் நிதானத்தை அளந்து பார்க்க என்ன இருக்கிறது? மூச்சில் தெரிந்தாலே இறக்கிவிட வேண்டும்.

மெல்பர்ன்வாசி: வண்டியிலிருந்து இறக்குவதற்குச் சரி. உரிமத்தைப் பறிப்பதற்கு முன்னால் ஆய்வக முடிவு வரட்டும்.