எருது விடும் தெரு: ஊருக்குள்ளா, வெளியேவா?

மந்தைக்காரன், கிருஷ்ணகிரி
எங்கள் ஊர் எருது விடும் விழாவை ஊருக்கு வெளியே, கேலரி வைத்த மைதானத்துக்கு மாற்றலாம் என்று பேச்சு அடிபடுகிறது. எனக்குச் சம்மதமில்லை. மற்ற தெருக்களில் ஆளாளுக்கு வாசற்படியை நீட்டி, மாட்டுவண்டிகூடத் திரும்ப முடியாது. கோயில் தெருவில் மட்டும் ஒருவரும் ஒரு சாண் முன்னே வரவில்லை. தை பிறந்தால் எருது ஓட வேண்டுமே! விழா போனால் இரண்டே வருடத்தில் அந்தத் தெருவும் சந்தாகிவிடும்.

பாறைக்கோட்டை
போன வருடம் அப்படியொரு தெருவில்தான் என் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எருதின் கொம்பில் கட்டிய அலங்காரத் தட்டியைப் பறிக்கக் கூட்டம் பாய்ந்தது. எருது மிரண்டு திண்ணைமேலேயே ஏறிவிட்டது. தொடையில் பதினொரு தையல். ஆம்புலன்ஸ் தெருமுனையைத் தாண்டவில்லை, கயிற்றுக்கட்டிலோடு தூக்கிப்போனோம். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரியில் அரங்கமே திறந்துவிட்டார்கள். நாம் இன்னும் திண்ணையை நம்பியிருக்கிறோம்.

மந்தைக்காரன், கிருஷ்ணகிரி
சித்தப்பா இப்போது நடக்கிறாரா? அரங்கம் வந்த பிறகும் அலங்காநல்லூர்ப் பொங்கல் ஜல்லிக்கட்டு பழைய வாடிவாசலில்தானே நடக்கிறது? தவிர, அங்கே திமிலை அணைக்கிறார்கள். நம்முடையது ஓட்டம், கொம்பில் கட்டிய தட்டியைப் பறிப்பது. அரங்குக்குள் எருது எவ்வளவு தூரம் ஓடும்? மாட்டுக்காக உயிர்விட்டவனுக்கு நடுகல் நட்ட மண் ஐயா இது.

பாறைக்கோட்டை
நடுகல்லை இதில் இழுக்காதீர்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். ஆநிரை மீட்கப் போய் இறந்தவர்களுக்கு நட்ட கல் அது, தட்டி பறித்தவனுக்கு இல்லை. சித்தப்பா நடக்கிறார், கொஞ்சம் சாய்ந்து.

ஓசூர்ப் பயணி
2023 பிப்ரவரியில் ஓசூர் அருகே கோபசந்திரத்தில் விழா அனுமதிச் சிக்கலால் கூட்டம் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டது. மணிக்கணக்கில் பஸ்ஸுக்குள் கிடந்தவன் நான். அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. இனி ஒவ்வொரு தையிலும் எங்கே, எத்தனை மணிக்கு என்று அல்லாடாமல் இருக்க, ஓரிடத்தை முடிவு செய்யுங்கள். தெருவானாலும் சரி, மைதானமானாலும் சரி.

பாறைக்கோட்டை
தெருதான் என்றால், ஆம்புலன்ஸ் வர, பின்னால் உள்ள சந்து ஒன்றையாவது காலி செய்து வைப்பீர்களா?

மந்தைக்காரன், கிருஷ்ணகிரி
அந்தச் சந்தில் எங்கள் பெரியப்பாவின் மாட்டுக்கொட்டகை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசிப் பார்க்கிறேன்.