கொரோனாவும் மாற்றுச் சிறுநீரகமும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

சேலத்துக்காரன்:
ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது. என் மனைவிக்கு 2017இல் கிட்னி மாற்றினோம். கொடுத்தது என் மாமியார். 2021 மே, எங்கே கேட்டாலும் படுக்கை இல்லை என்ற அந்த வாரம் அவளுக்கும் பாசிட்டிவ். டாக்டர் போனிலேயே சொல்லிவிட்டார்: மைகோஃபெனோலேட்டை நிறுத்துங்க, டாக்ரோவைக் குறைங்க, வைசோலோனை மட்டும் விடவே கூடாது. முதல் இரண்டும், மாற்றிய கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் (டாக்ரோ என்பது டாக்ரோலிமஸ்). கொரோனாவோடு போராட அந்தச் சக்தி வேண்டும். வைசோலோன் ஸ்டீராய்டு, நாள்பட்டுச் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

நான்கு வருடம் காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று அலாரம் வைத்துக் கொடுத்த மாத்திரை. ஒரு வேளை தவறக்கூடாது என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியதும் நான்தான். அதை நானே டப்பாவிலிருந்து பொறுக்கி எடுத்தேன். ஐந்தாம் நாள் காலை சாச்சுரேஷன் 91. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அவசரத்தில் தலையணையை எடுத்தால், உறைக்குள் ஒரு மைகோஃபெனோலேட் மாத்திரை அட்டை. பத்தில் எட்டு காலி. எனக்குத் தெரியாமல் வேளை தவறாமல் போட்டிருக்கிறாள். "அம்மா குடுத்ததுங்க. அது போச்சுன்னா அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றாள். நான் கத்தினேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளிடம் கத்தினேன்.

பதினோரு நாள் ஆக்ஸிஜன். கிரியேட்டினின் (ரத்தத்தில் இது ஏறினால் கிட்னி தளர்கிறது என்று அர்த்தம்) 1.2இலிருந்து 2.3 வரை போய் 1.5இல் நின்றது. இப்போது நன்றாக இருக்கிறாள். கத்தியதுதான் இன்னும் உறுத்துகிறது.

பொருநை:
எனக்கும் கிட்னி மாற்றியதுதான். கொரோனா வந்தபோது காய்ச்சலே இல்லை. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் வெளியே தெரியாமலும் போகலாம் என்பது அப்போது தெரியாது. மூன்று நாள் வெறும் வயிற்றுப்போக்கு. கடைச் சாம்பார் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓஆர்எஸ் குடித்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காலை காபி டம்ளரைத் தூக்கினால் கை நடுங்குகிறது. பாதி காபி லுங்கியில். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒன்றுமே கேட்காமல் வந்து டம்ளரின் அடியில் தன் கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சூட்டில் எப்படிப் பிடித்தாளோ.

ரத்தத்தில் டாக்ரோ லெவல் 19, இருக்க வேண்டியதைவிட ரொம்ப அதிகம். அது ஏறினால் கை நடுங்கும். வயிறு போனால் மருந்தும் சேர்ந்து போய்விடும், லெவல் இறங்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நேர்மாறு, ஏறுகிறது. அப்புறம்தான் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். பாசிட்டிவ். ஒரு மாதம் தாண்டியும் நெகட்டிவ் வரவில்லை. அதுவரை மகளை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன்.

மலைக்கோட்டை அக்கா:
சேலத்துத் தம்பி, ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் போனில் சொன்னதை வைத்து நிறுத்தியது சரியா? என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என் உடன்பிறந்தவன் 2020இல் ஏதோ ஒரு வாட்ஸப் செய்தியை நம்பி, எதிர்ப்புச் சக்தி கூடட்டும் என்று எல்லா மாத்திரையையும் தானே நிறுத்திவிட்டான், வைசோலோன் உட்பட. கொரோனா லேசாக வந்து போனது. கிட்னி போய்விட்டது. இப்போது வாரம் மூன்று டயாலிசிஸ்.

அதனால் சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள். எதை நிறுத்தச் சொன்னாலும், என்றைக்குத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று அதே பேச்சில் கேட்டு எழுதி வாங்குங்கள். நிறுத்தியதை மறந்துபோனவர்கள் இருக்கிறார்கள். உடம்பு வலிக்கு மெடிக்கலில் கொடுக்கிற வலி மாத்திரை வேண்டாம், பாரசிட்டமால் போதும். பாக்ஸ்லோவிட் என்ற கொரோனா மாத்திரையை யாராவது எழுதினால், டாக்ரோ சாப்பிடுகிறேன் என்பதுதான் உங்கள் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். அதிலுள்ள ரிட்டோனாவிர் டாக்ரோ லெவலை எங்கேயோ ஏற்றிவிட்டுவிடும். இரண்டு ஊசி போட்டாயிற்று என்று தைரியமாகவும் இருக்காதீர்கள். 2021இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், உறுப்பு மாற்றியவர்களில் இரண்டு டோஸ் எம்ஆர்என்ஏ (ஃபைசர், மாடர்னா வகை) ஊசிக்குப் பிறகும் 54 சதவீதம் பேருக்குத்தான் ஆன்டிபாடி வந்திருந்தது. வீட்டில் மற்றவர்கள் ஊசி போட்டால்தான் நமக்கும் காப்பு.

சேலத்துக்காரன்:
அக்கா, ரத்தம் எடுக்க வீட்டுக்கு வர லேப் ஆட்கள் மறுத்த வாரம் அது. உங்கள் தம்பி தானாக நிறுத்தியதும் நாங்கள் டாக்டர் சொல்லி நிறுத்தியதும் ஒன்றில்லை. ராத்திரி ஒரு மணிக்கும் போனை எடுத்தவர் அவர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் கேட்டது கத்தினதைப் பற்றி.

மலைக்கோட்டை அக்கா:
கத்தினதுக்கு என்ன தம்பி. நான் என் தம்பியை அறைந்தேவிட்டேன், ஆஸ்பத்திரி வாசலில்.

பேரூர்:
பொருநை சார், டாக்ரோ லெவலுக்கு எத்தனை மணிக்கு ரத்தம் கொடுப்பீர்கள்? அப்பாவுக்கு மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது, இப்போது ஜலதோஷம். பயமாக இருக்கிறது.

பொருநை:
காலை மாத்திரை போடுவதற்கு முன்னால். மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் எடுத்ததும் அங்கேயே போட்டுக்கொள்வேன். ஜலதோஷம் என்று விடாதீர்கள். இன்றைக்கே போன் பண்ணிக் கேளுங்கள், வயிறு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.