பழைய ஆர்மி ஜீப் டிரெய்லருக்கு இரும்பு மூடி: அளவு, பிணைச்சல் (கீல்), ரப்பர் பற்றி ஆலோசனை வேணும்

மஸ்கெலியா ஜீப்காரன்
கால் டன் ஆர்மி டிரெய்லர், இரண்டாம் உலகப் போர் கால ஜீப் வகை. பெட்டியின் மேல் விளிம்பு வெளியளவு 1880 × 1016 மி.மீ. விளிம்பு வெளிப்பக்கம் மடிஞ்சிருக்கு. தார்ப்பாய் கட்டுற கொக்கி எல்லாம் அப்படியே இருக்கு, அதுகளை வெட்ட விருப்பமில்லை. மூலைக்கு மூலை அளந்தால் ஒரு பக்கம் 12 மி.மீ. கூட வருது. ஹட்டன் - நுவரெலியா ரோட்டில் மழையில் சாமான் நனையாமல் போகணும், பூட்டு போடணும், மூடிக்கு மேலேயும் கொஞ்சம் சாமான் வைக்கணும். 1.2 மி.மீ. தகடும் 25 × 25 பொக்ஸ் பாரும் (சதுர இரும்புக் குழாய்) சரியா? எந்தப் பக்கம் திறக்கிற மாதிரி வைக்கலாம்?

டிங்கர் தலவாக்கலை
தம்பி, 12 மி.மீ. வித்தியாசம் என்றால் பெட்டி நீளவாக்கில் ஏறக்குறைய 7 மி.மீ. சாய்ஞ்சிருக்கு. அந்த விளிம்புக்கு நேரா மூடி அடிச்சால் ரப்பர் ஒரு மூலையில் நசுங்கும், எதிர் மூலையில் விரல் போகும். பெட்டியை இழுத்து நேராக்கவும் வேணாம், பழைய தகடு வெல்டிங் ஓரத்தில் கிழியும். விளிம்புக்கு மேலே ஒரு இடைச்சட்டம் போடுங்க, மூடிக்கு அளவு எடுக்கிறது அந்தச் சட்டத்தில்தான்.

சட்டத்துக்கு 40 × 40 × 3 எல் அயன். ஒரு கால் விளிம்பு மேலே படுத்திருக்கும், மற்றது வெளியே கீழ்நோக்கித் தொங்கும். உள்ளளவு 1890 × 1026 வையுங்க, அந்த 7 மி.மீ. சாய்வு அதுக்குள்ளே அடங்கிடும். வெளியளவு 1896 × 1032 வரும். 20 அடி நீளம் ஒன்று போதும். சமதளத்தில் கிடத்தி, நாலு மூலையும் முதலில் புள்ளி வெல்டிங், மூலைக்கு மூலை ஒரே அளவு என்று பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் 5 மி.மீ. ரப்பர் பட்டை. மடிப்புக்கு அடியில் ஆறு இடத்தில் பட்டை இரும்பு கிளாம்ப், எம்8 போல்ட். பெட்டியில் துளை போட வேண்டியதில்லை, கழற்றினால் பழைய டிரெய்லர் பழையபடியே.

மூடியின் ஓர மடிப்பை நிறையப் பேர் 40 மி.மீ. விடுவாங்க, அது பத்தாது. பொக்ஸ் பார் 25, நசுங்கின ரப்பர் 13, சேர்ந்தால் 38. அப்போ சட்டத்தை 2 மி.மீ. மட்டுந்தான் மறைக்கும், காற்றோடு வர்ற மழை நேரா ரப்பரில் அடிக்கும். 60 மி.மீ. மடியுங்க. மூடியின் உள்ளளவு 1912 × 1048. தகட்டை 2032 × 1168 வெட்டணும். 8க்கு 4 அடி தகடு ஒன்றில் வந்துடும். மடிக்கிறதுக்கு முன் மூலைக்கு மூலை லேசா ஒரு குறுக்கு மடிப்பு விழச் சொல்லுங்க. நடுவில் தண்ணி தேங்காது, தகடும் டப் டப் என்று அடிக்காது.

பொக்ஸ் பார் சுற்றுக்கும் மூன்று குறுக்குக்கும் சேர்த்து 9 மீட்டர், அதாவது இரண்டு நீளம். 1.2 தகட்டில் சாதாரண குச்சி வெல்டிங் ஓட்டை போடும். 2 மி.மீ. குச்சி, 40 - 50 அம்பியர், 25 மி.மீ. போட்டு 125 விட்டு, ஒரு பக்கம் மாறி மறுபக்கம். ஒரே ஓட்டமா இழுத்தால் தகடு அலை அலையா வளையும். நடுக் குறுக்குப் பார்களை வெல்டிங் செய்யவே வேணாம், பாலியூரித்தேன் பசையில் ஒட்டுங்க.

பண்டாரவளை மெக்கானிக்
அண்ணன் சொன்ன சட்டம்தான் சரி. பிணைச்சலுக்கு வருவோம். நம்ம நாட்டில் இடப்பக்கம்தான் ஓரம் கட்டுறோம், அதனால் பிணைச்சல் வலப்பக்கம். ஆள் புல்லோரம் நின்று சாமான் எடுப்பார், பஸ் உரசிப் போகும் பக்கம் நிற்க வேண்டியதில்லை. மூடி 85 பாகையில் நிற்கணும், ரோட்டுப் பக்கம் சாயக்கூடாது.

பிணைச்சல் ஊசி ஓர மடிப்பின் கீழ் விளிம்புக்கு நேரா, வெளிப்பக்கம் வரணும். மேல் மட்டத்தில் வைத்தால் திறக்கும்போது மடிப்பு உள்ளே திரும்பிச் சட்டத்தில் மோதும், மூடி கால்வாசி கூடத் திறக்காது. ஊசியை வெளியே கொண்டுவர சட்டத்துக்கும் பிணைச்சலுக்கும் இடையில் 8 மி.மீ. பட்டைத் துண்டு. போல்ட் முறுக்கும் நேரம் ரப்பர் இருக்கும் இடமெல்லாம் 13 மி.மீ. மரச்சட்டம் வைத்து மூடியை அதன் மேல் இருத்துங்க. வெறும் சட்டத்தில் மூடியை வைத்துப் பிணைச்சல் அடித்தால், ரப்பர் போட்டதும் பிணைச்சல் பக்கம் இறுகி, பூட்டுப் பக்கம் வாய் பிளந்துதான் நிற்கும்.

மூடியைத் தூக்க டிக்கி ஷொக் (கார் டிக்கியைத் தூக்கி நிறுத்தும் வாயுத் தண்டு) இரண்டு, முன் பின் முனைகளுக்கு ஒவ்வொன்று. ஒன்றை மட்டும் போட்டால் மூடி முறுகும். மூடி சுமார் 36 கிலோ, பாரமையம் பிணைச்சலிலிருந்து 520 மி.மீ. என்றால் 45 பாகையில் ஏறக்குறைய 130 நியூட்டன் மீட்டர். அந்த நிலையில் ஷொக்கின் கோடு பிணைச்சலிலிருந்து 180 மி.மீ. தள்ளி இருந்தால் மொத்தம் 720 நியூட்டன், ஒன்றுக்கு 360. 400 நியூட்டன் எடுங்க, அந்த எண் ஷொக்கின் மேலேயே அச்சடிச்சிருக்கும். உள்ளே இருப்பது வாயு, 20 பாகை செல்சியஸில் உள்ள விசை நுவரெலியா விடியற்காலை 5 பாகை குளிரில் 5 சதவீதம் குறையும், 400 அப்போதும் தாங்கும். மூடியிருக்கும் நிலையில் மெல்லிய தண்டு கீழே பார்க்கணும், அப்போதான் எண்ணெய் சீலில் நிற்கும். ஷொக்கை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடாதீங்க, ஒரு முட்டுக் கம்பியும் வையுங்க.

ரப்பர் டி வடிவ ஈபிடிஎம் (ஒரு வகைச் செயற்கை ரப்பர்), 20 மி.மீ. உயரம், 13க்கு நசுங்கணும். இணைப்பு பிணைச்சல் பக்கத்து நடுவில் வரட்டும், மூலையில் வேணாம். புளிச்ச வாசனை வர்ற சிலிக்கன் இரும்பைத் துருவாக்கும், நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்க.

ஹப்புத்தளை ஓட்டம்
எனக்கு இரும்பில் உடன்பாடில்லை. மூடி 36, சட்டம் 11, ஆக 47 கிலோ. டிரெய்லர் கரடுமுரடு ரோட்டில் எடுக்கிறதே 500 இறாத்தல், அதாவது 227 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு மூடிக்கே போகுது. 2 மி.மீ. அலுமினியத் தகடு போட்டால் தகட்டில் மட்டும் 9 கிலோ மிச்சம்.

டிங்கர் தலவாக்கலை
கணக்கு சரி தம்பி. ஆனால் அலுமினியம் இரும்புச் சட்டத்தைத் தொடும் இடத்தில் ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளையாப் பொடிஞ்சு போகும். வட்டவளை மழைக்கு அது பெரிய விஷயம். போடுறதென்றால் நடுவில் பசையோ டேப்போ முழு நீளத்துக்கும் வேணும், ரிவெட்டும் அலுமினியம்தான். மலையில் அதை வெல்டிங் செய்ய ஆள் தேடணும், ஆணி போட்டு மடக்கி வேலையை முடிக்கிறவர்தான் கிடைப்பார். மூடி மேல் பாரம் வைக்கிறவருக்கு இரும்பே நல்லது.

மஸ்கெலியா ஜீப்காரன்
ரொம்ப நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. உள்ளே வியர்க்குமா? மேலே எவ்வளவு வைக்கலாம்?

பண்டாரவளை மெக்கானிக்
கட்டாயம் வியர்க்கும். ஈரச் சாக்கு உள்ளே, குளிர்ந்த தகடு மேலே, விடிய முன் சொட்டும். மூடிக்கு அடியில் 6 மி.மீ. மூடிய துளை ஃபோம் ஒட்டுங்க. காற்றுப் போய்வர, பின் பக்க ரப்பரில் இரு முனையிலும் 50 மி.மீ. இடைவெளி விட்டு அதில் மெல்லிய கம்பி வலை. 60 மடிப்பு மழையை மறைக்கும், முன் பக்கம் விட்டால் ஜீப் டயர் அடிக்கும் சேறு உள்ளே வரும். புழுதி ரோட்டில் அந்த இடைவெளியை ஸ்பொஞ்சால் அடைச்சிடுங்க. இந்தப் பெட்டிகள் மிதக்கவே செய்தவை, உள்ளே போன தண்ணி தானா வெளியே வராது. நிறுத்தும்போது தரை அடைப்பான்களைத் திறந்து விடுங்க.

மேலே 40 கிலோவுக்கு மேல் வேணாம், அதுவும் அச்சுக்கு நேர் மேலே. டிரெய்லருக்குத் தனி ஓட்ட பிரேக் இல்லை, இருப்பது நிறுத்து பிரேக் மட்டும். ரம்பொடை இறக்கத்தில் உயரத்தில் பாரம் இருந்தால் வளைவில் சக்கரம் தூக்கும். மேலே வைத்ததை இறக்கின பிறகுதான் மூடியைத் திறக்கணும், ஷொக் அந்தப் பாரத்துக்குக் கணக்கு போட்டதில்லை. பூட்டுக் கொளுக்கி இரண்டு, இரு முனையிலிருந்தும் 45 செ.மீ. உள்ளே.

டிங்கர் தலவாக்கலை
பெயின்டை மறந்துடாதீங்க. பொக்ஸ் பார் முனைகளை அடைச்சு வெல்டிங் செய்த பிறகு எபொக்சி பிரைமர். மூடுபனி இறங்கும் நேரம் அடிச்சால் பால் மாதிரி வெளுக்கும், பிறகு தோலாட்டம் உரியும். உங்க பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, காலை 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் அடியுங்க.