ரஸ்டில் எழுதிய ரிங் பஃபர்: லேப்டாப்பில் சரி, போர்டில் மட்டும் செய்திகள் இரட்டிப்பாகின்றன, உதவுங்கள்

கடைசிபைட்:
அவசரம். ரஸ்ட் மொழியில் சொந்தமாக ஒரு ரிங் பஃபர் (கடைசி இடத்துக்குப் பின் முதல் இடத்துக்கே சுற்றி வரும் வரிசை) நூலகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு த்ரெட் (இணையாக ஓடும் இழை) எழுதும், இன்னொரு த்ரெட் படிக்கும், லாக் (பூட்டு) எதுவும் கிடையாது. லேப்டாப்பில் எல்லா டெஸ்டும் பாஸ், எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. அதையே போர்டில் (சிறிய கணினிப் பலகையில்) ஓடவிட்டால் எப்போதாவது சில செய்திகள் இரண்டு முறை வருகின்றன, சில வருவதே இல்லை. சில சமயம் ஒரே மெமரியை இரண்டு முறை விடுவிக்கிறேன் என்று சொல்லிவிட்டு புரோகிராமே நின்றுபோகிறது. புரோகிராம் கோடைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், தவறு எதுவும் கண்ணில் படவில்லை. எங்கே தேடுவது?

நிழல்நூல்:
எந்த போர்டு? என்ன பிராசஸர்? கம்பைலர் பதிப்பு என்ன? டீபக் (சோதனை) பில்டா, ரிலீஸ் (வெளியீட்டு) பில்டா? செய்தி என்றால் எந்த டைப், வெறும் எண்ணா அல்லது ஸ்டிரிங்கா? "எப்போதாவது" என்றால் நிமிடத்துக்கு ஒருமுறையா, நாளுக்கு ஒருமுறையா? எல்லாவற்றுக்கும் முன்னால், எழுதும் ஃபங்ஷனையும் படிக்கும் ஃபங்ஷனையும் இங்கே போடுங்கள். கோடு இல்லாமல் யாராலும் ஊகிக்கத்தான் முடியும்.

அணுவரிசை:
கோடே வேண்டாம், இது மெமரி ஆர்டரிங் (ஒரு த்ரெட் எழுதியவை மற்ற த்ரெடுக்கு எந்த வரிசையில் தெரியும் என்பது) பிரச்சினை. லேப்டாப்பின் பிராசஸர் எக்ஸ்86, போர்டுடையது ஏஆர்எம், சரிதானே? எக்ஸ்86 வன்பொருள் மிகவும் கண்டிப்பானது, ஓர் இடத்தில் எழுதிவிட்டு வேறோர் இடத்தைப் படிக்கும்போது மட்டும்தான் அந்த இரண்டின் வரிசை மாறித் தெரிய வாய்ப்பு உண்டு. ஏஆர்எம்மில் இரண்டு எழுதும் செயல்கள்கூட வரிசை மாறி மற்ற த்ரெடுக்குத் தெரியலாம். நீங்கள் ஸ்லாட்டில் (பஃபரின் ஓர் இடத்தில்) செய்தியை எழுதிவிட்டு டெயில் கவுண்டரை (எத்தனை எழுதப்பட்டன என்கிற எண்ணை) ரிலாக்ஸ்டில் (வரிசைக்கு உறுதி கேட்காமல்) ஏற்றினால், படிக்கிற த்ரெட் புதிய டெயிலைப் பார்க்கும், ஆனால் ஸ்லாட்டில் பழைய செய்திதான் இருக்கும். பழைய செய்தியையே மறுபடி எடுப்பதால்தான் இரட்டிப்பு. எல்லா இடத்திலும் சீக்வென்ஷியல் கன்சிஸ்டன்ஸி (மிகக் கண்டிப்பான ஆர்டரிங்) போடுங்கள், முடிந்தது.

பழையசாலிடர்:
மென்பொருளில் தேடுவதற்கு முன்னால் மின்சாரத்தைப் பாருங்கள். போர்டுக்குப் போகிற 5 வோல்ட் சுமை ஏறும்போது கீழே இறங்கினால் ரேமில் பிட் புரளும். நல்ல அடாப்டரும் தடித்த கேபிளும் போட்டுவிட்டு ஒரு மெமரி டெஸ்டையும் ஓடவிடுங்கள்.

மேலடுக்கு:
தம்பி, லாக் இல்லாத கட்டமைப்பு எழுதுவது பழகுவதற்கான இடம் இல்லை. கிராஸ்பீம், ஹீப்லெஸ் என்று ஆயத்த நூலகங்கள் இருக்கின்றன, இரண்டும் பல ஆண்டுகளாகப் பலர் கண் பார்த்துச் செதுக்கிய கோடு. அன்சேஃப் பிளாக் போட்டால் கம்பைலர் விலகி நின்று உங்களை நம்புகிறது, அந்த நம்பிக்கைக்கு நீங்கள் தயாரா என்பதை முதலில் யோசியுங்கள். மீரி என்கிற சோதனைக் கருவியில் ஓட்டினீர்களா? லூம் என்கிற கருவியில் ஓட்டினீர்களா? இந்த இரண்டையும் செய்யாமல் இங்கே கேள்வி போடுவது அடுத்தவர் நேரத்தை வீணாக்குவது.

சிறுதுளி:
கேள்வி கேட்டவரை இப்படி விரட்டினால் இந்த மொழியில் நூலகம் எழுத யார்தான் முன்வருவார்கள்? கிராஸ்பீமையும் யாரோ ஒருவர் முதல் வரியிலிருந்துதானே எழுதியிருப்பார்.

கடைசிபைட்:
ரிலீஸ் பில்ட். கம்பைலர் புதியதுதான், சென்ற மாதம் அப்டேட் செய்தது. செய்தி ஸ்டிரிங். போர்டு ஏஆர்எம், லினக்ஸ் ஓடுகிறது. ஆர்டரிங் ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது, எழுதும்போது ரிலீஸ் ஆர்டரிங், படிக்கும்போது அக்வயர் ஆர்டரிங். மீரி, லூம் இரண்டிலும் சுத்தம். அடாப்டரும் மாற்றிப் பார்த்தாயிற்று. கோடு அலுவலகக் கணினியில் இருக்கிறது, இப்போது போட முடியாது.

அணுவரிசை:
சீக்வென்ஷியலுக்கு மாற்றிப் பாருங்கள் என்றுதானே சொன்னேன்.

நிழல்நூல்:
அணுவரிசை, ஓர் எழுத்தாளர் ஒரு வாசகர் மட்டும் இருக்கிற வரிசைக்கு ரிலீஸும் அக்வயரும் போதும். டெயிலை எழுதுகிறவர் ரிலீஸில் ஏற்றுகிறார், வாசகர் அதை அக்வயரில் படிக்கிறார், அப்படியானால் ஸ்லாட்டில் அதற்கு முன் எழுதியதெல்லாம் வாசகருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். ஹெட்டுக்கு, அதாவது எத்தனை படிக்கப்பட்டன என்கிற கவுண்டருக்கு, இதே ஏற்பாடு எதிர்த்திசையில், ஸ்லாட் காலியானது எழுத்தாளருக்குத் தெரிவதற்காக. ரஸ்டின் அட்டாமிக் (இடையில் உடையாத செயல்) விதிகள் சி++20-இன் விதிகளைத்தான் பின்பற்றுகின்றன, அங்கேயும் இதுதான் நிலை. காரணம் தெரியாமல் சீக்வென்ஷியலைப் பூசினால் எக்ஸ்86-இல் சாதாரண எழுத்துக் கட்டளை இருந்த இடத்தில் எக்ஸ்சேஞ்ச் கட்டளை வந்து உட்கார்ந்து வேகம்தான் குறையும். பிழை இருந்தால் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

அணுவரிசை:
வேகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சரியாக ஓடட்டும். அட்டாமிக் ஆர்டரிங்கைக் குறைத்து எழுதி மாட்டிக்கொண்ட கோடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசிபைட்:
எல்லாவற்றையும் சீக்வென்ஷியலுக்கு மாற்றிவிட்டேன். மாற்றமில்லை. இன்னொன்று, பகலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது வருவதே இல்லை. இரவு ஓடவிட்டுப் போனால் காலையில் லாகில் (பதிவுக் கோப்பில்) இருக்கிறது, அதுவும் எல்லா இரவும் இல்லை.

ஈரடுக்கு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் நண்பரே, பாதிப் பேர் வேறு பாதையில் போயிருக்க மாட்டார்கள். நான்கு கேள்விகள். பஃபரின் கொள்ளளவு என்ன? நொடிக்கு ஏறக்குறைய எத்தனை செய்திகள்? போர்டில் ஓடுகிற லினக்ஸ் 32 பிட்டா, 64 பிட்டா? ஸ்லாட் எண்ணை எப்படிக் கணக்கிடுகிறீர்கள், ஹெட்டும் டெயிலும் பஃபர் முடிவில் பூஜ்யத்துக்குத் திரும்புகின்றனவா, இல்லை ஏறிக்கொண்டே போகின்றனவா?

கடைசிபைட்:
1000. நொடிக்கு ஒரு லட்சம் பக்கம். 32 பிட். ஏறிக்கொண்டே போகும், யூசைஸ் டைப் (கணினியின் பிட் அளவுக்கேற்ற, குறை எண் இல்லாத முழு எண்), ரேப்பிங் ஆட் (எல்லை தாண்டினால் பூஜ்யத்துக்குச் சுற்றும் கூட்டல்) போட்டு ஒன்று கூட்டுகிறேன், அதை 1000-ஆல் வகுத்த மீதிதான் ஸ்லாட். நிரம்பிவிட்டதா என்று பார்க்க டெயிலிலிருந்து ஹெட்டை ரேப்பிங் சப் (அதே போன்ற கழித்தல்) செய்து 1000-உடன் ஒப்பிடுகிறேன். இது எல்லோரும் செய்வதுதானே?

ஈரடுக்கு:
கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

32 பிட் யூசைஸ் 4,294,967,295 வரை போகும், அடுத்தது பூஜ்யம். நொடிக்கு ஒரு லட்சம் என்றால் 42,949 நொடிகளில், அதாவது 12 மணி நேரத்துக்குச் சற்று முன்பாக அந்த எல்லையைத் தொடுவீர்கள். இரவில் மட்டும் வருவதற்கு இதுதான் காரணம். லேப்டாப்பில் யூசைஸ் 64 பிட், இதே வேகத்தில் அங்கே எல்லையைத் தொட 58 லட்சம் ஆண்டுகள் ஆகும்.

கவுண்டர் பூஜ்யத்துக்குத் திரும்புவது தனியாக ஒரு தவறு இல்லை. நிரம்பியதா என்கிற உங்கள் கழித்தலும் திரும்பிய பிறகு சரியான விடையைத்தான் தரும். உதைப்பது அந்த மீதி. 4,294,967,295-ஐ 1000-ஆல் வகுத்தால் மீதி 295. அடுத்த ஸ்லாட் 296 ஆக இருக்க வேண்டும், ஆனால் கவுண்டர் பூஜ்யமானதால் ஸ்லாட் பூஜ்யத்துக்குத் தாவுகிறது. 4,294,967,296 என்பது 1000-இன் மடங்கு இல்லை, அவ்வளவுதான்.

இப்போது 4,294,967,000 என்கிற கவுண்டரில் எழுதிய செய்தியும் ஸ்லாட் பூஜ்யத்தில்தான் இருக்கிறது. வாசகர் அதை இன்னும் எடுக்கவில்லை என்றால், அதாவது அந்த நேரத்தில் 296 செய்திகளோ அதற்கு மேலோ தேங்கியிருந்தால், புதிய செய்தி அதன் மேலேயே எழுதப்படும். பழைய ஸ்டிரிங் தொலைந்தது, அதன் மெமரியும் லீக். வாசகர் பழைய கவுண்டருக்கு வரும்போது புதிய ஸ்டிரிங்கை எடுத்துப் பயன்படுத்திவிட்டு விடுவிப்பார், பிறகு கவுண்டர் பூஜ்யத்துக்கு வரும்போது அதே ஸ்டிரிங்கை மறுபடி எடுத்து மறுபடி விடுவிப்பார். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறியும் இங்கே இருக்கின்றன. எல்லா இரவும் வராதது ஏன் என்றால் அந்த ஒரு கணத்தில் தேக்கம் குறைவாக இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாமல் கடந்துபோகும்.

மீரியும் லூமும் ஏன் பிடிக்கவில்லை? லூம் த்ரெடுகள் பின்னிக்கொள்ளும் வரிசைகளை மாற்றி மாற்றிப் பார்க்கும், ஆனால் சில செயல்களோடு நின்றுவிடுகிற சிறிய டெஸ்டில்தான். மீரி ஓடிய பாதையை மட்டும்தான் பார்க்கும், நானூறு கோடி செய்திகளைத் தள்ள அதற்குப் பொறுமை கிடையாது. உங்கள் டெஸ்டில் கவுண்டர் பூஜ்யத்தில் தொடங்குகிறது, இரண்டு கருவிகளுக்கும் எல்லையே கண்ணில் படவில்லை.

சரிபார்ப்பது சுலபம், போர்டே வேண்டாம். டெஸ்டுக்கு மட்டும் தொடக்க மதிப்பு கொடுக்கிற ஒரு கன்ஸ்ட்ரக்டர் எழுதுங்கள். ஹெட், டெயில் இரண்டையும் யூசைஸின் உச்ச மதிப்புக்கு 900 கீழே வைத்து, ஒன்றையும் படிக்காமல் 1000 செய்திகளை நிரப்புங்கள், பிறகு எல்லாவற்றையும் படியுங்கள். 64 பிட்டில் மீதி 616-இல் முறியும், ஆகவே லேப்டாப்பிலேயே 99 செய்திகள் அழிந்து வேறு 99 இரட்டிப்பாக வர வேண்டும்.

திருத்தத்துக்கு மூன்று வழி உண்டு. கொள்ளளவை 1024 ஆக்குவது முதல் வழி, இரண்டின் அடுக்கு என்றால் எல்லையில் மீதி முறியவே முறியாது, வகுத்தலுக்குப் பதில் ஒரு மாஸ்க் (கீழ் பிட்டுகளை மட்டும் எடுப்பது) போதும். 1000-தான் வேண்டும் என்றால் கவுண்டரை 0 முதல் 1999 வரை மட்டும் ஓடவிட்டு நீங்களே பூஜ்யத்துக்குத் திருப்பலாம், இரு மடங்கு வீச்சு இருப்பதால் காலியும் நிரம்பலும் குழம்பாது, ஆனால் கழித்தலையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். கவுண்டரை 64 பிட் அட்டாமிக் ஆக்குவதும் ஓடும், ஏஆர்எம்வி7 லினக்ஸில் அது கிடைக்கும். ஆனால் நூலகம் என்று சொன்னீர்கள், சிறிய மைக்ரோகண்ட்ரோலர்கள் பலவற்றில் 64 பிட் அட்டாமிக் கிடையாது, அங்கே கம்பைலே ஆகாது. நான் முதல் வழியைத்தான் எடுப்பேன்.

மேலடுக்கு:
இது அடிப்படைப் பாடம். ரிங் பஃபர் என்றால் கொள்ளளவு இரண்டின் அடுக்கு, இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சிறுதுளி:
அப்படியானால் முதல் பதிலிலேயே கேட்டிருக்கலாமே.

பழையசாலிடர்:
எனக்கு இங்கே மொழி மீதுதான் குறை. ரஸ்ட் டீபக் பில்டில் எண் வழிந்தால் பேனிக் ஆகி நிற்கிறது, ரிலீஸில் சத்தமில்லாமல் சுற்றிக்கொள்கிறது. ஸிக் மொழி ரிலீஸ்-சேஃப் முறையிலும் சோதிக்கிறது, ஸ்விஃப்ட் ரிலீஸிலும் நிறுத்திவிடுகிறது. பாதுகாப்பு என்று பெயர் வாங்கிய மொழி இதை இயல்பாகவே செய்ய வேண்டாமா?

நிழல்நூல்:
கார்கோ (ரஸ்டின் பில்ட் கருவி) ப்ரொஃபைலில் ஓவர்ஃப்ளோ செக்ஸை (எண் வழிந்ததா என்கிற சோதனையை) ஒரு வரியில் ரிலீஸுக்கும் போட்டுக்கொள்ளலாம். இயல்பாகப் போடாதது வேகத்துக்காக, அந்த விவாதம் 2015-இல் ரஸ்ட் 1.0 வருவதற்கு முன்பே நடந்து முடிந்தது. ஆனால் இந்தப் பிழைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அவர் ரேப்பிங் ஆட் என்று தெளிவாக எழுதியிருக்கிறார், சுற்றிக்கொள் என்று அவரே கேட்கிறார். ஃபெட்ச் ஆட் போட்டிருந்தாலும் இதே கதை, அட்டாமிக் கூட்டல் எந்த பில்டிலும் சுற்றத்தான் செய்யும். எந்த மொழியின் எந்தச் சோதனையும் இதைப் பிடித்திருக்காது.

பழையசாலிடர்:
வெறும் கூட்டல் குறி போட்டிருந்தால் டீபக் பில்டில் வரி எண்ணோடு நின்றிருக்கும் இல்லையா? ரேப்பிங்கைத் தேடிப்போய் எழுதவைக்கிற பழக்கத்தைத்தான் சொல்கிறேன்.

நிழல்நூல்:
நின்றிருக்கும், 12 மணி நேரம் கழித்து, சரியாகச் சுற்ற வேண்டிய 1024 கொள்ளளவிலும் நின்றிருக்கும். சுற்றுவது இந்த வடிவமைப்பின் ஒரு பகுதி. டைப்பில் பிடிக்க வேண்டியது கொள்ளளவைத்தான். கான்ஸ்ட் ஜெனரிக்ஸ் (டைப்பிலேயே எண்ணைக் கொடுக்கும் வசதி) 2021-இல் ரஸ்ட் 1.51-இல் வந்தது, இன்லைன் கான்ஸ்ட் (கம்பைல் நேரத்திலேயே கணக்கிடும் பிளாக்) 2024-இல் 1.79-இல் வந்தது. கொள்ளளவை கான்ஸ்ட் பாராமீட்டராக எடுத்து, கன்ஸ்ட்ரக்டருக்குள் ஒரு கான்ஸ்ட் பிளாக்கில் அது இரண்டின் அடுக்குதானா என்று அசர்ட் செய்தால், 1000 கொடுக்கிறவருக்கு பில்டே ஆகாது.

அணுவரிசை:
பயன்படுத்துகிறவரை ஏன் தண்டிக்க வேண்டும்? அவர் 1000 கேட்டால் உள்ளே 1024-க்கு உயர்த்திக்கொள்ளலாம்.

நிழல்நூல்:
நினைவகம் கிலோபைட்டில் இருக்கிற இடத்தில் 1025 கேட்டவருக்குச் சொல்லாமல் 2048 ஒதுக்கினால் அவர் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? நூலகம் மௌனமாகச் செய்கிற உதவி பின்னால் இன்னொருவரின் இரவைத் தின்னும்.

கடைசிபைட்:
ஈரடுக்கு, மிக்க நன்றி. லேப்டாப்பிலேயே 99 வந்தது. 1024 ஆக்கிய பிறகு அதே டெஸ்ட் சுத்தம், போர்டில் ஓடவிட்டிருக்கிறேன்.

ஈரடுக்கு:
மகிழ்ச்சி. அந்த டெஸ்டை நீக்காமல் நூலகத்திலேயே வையுங்கள், மீரியிலும் ஓட்டுங்கள். இன்னொன்று பாக்கி இருக்கிறது, டிராப் எப்படி எழுதியிருக்கிறீர்கள்? பஃபர் அழியும்போது மிச்சமிருக்கிற ஸ்டிரிங்குகளை விடுவிக்க ஹெட் முதல் டெயில் வரை ரேஞ்ச் போட்டு லூப் ஓட்டினால், கவுண்டர் திரும்பிய நேரத்தில் டெயில் ஹெட்டைவிடச் சிறியதாக இருக்கும், லூப் ஒருமுறைகூட ஓடாது, எல்லாம் லீக். 1024 போட்டாலும் இது தீராது. ஹெட்டும் டெயிலும் சமமாகாதவரை ரேப்பிங் ஆடில் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அலுவலகம் போனதும் அந்த ஃபங்ஷனை இங்கே போடுங்கள், பார்த்துவிடலாம்.

சிறுதுளி:
கடைசிபைட், போர்டு அந்த 12 மணி நேரத்தைத் தாண்டியதா? டிராப் கோடும் போடவில்லையே.